மொட்டை மாடியில் டாக்குமார்

பங்குனி வெயிலில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு பொருள்கள் காய்ந்துகொண்டிருக்கின்றன. ஒன்று அம்மாவின் மோர் மிளகாய். இன்னொன்று ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸ். காலை ஏழு மணிக்கு அம்மா பழைய வேட்டியை விரித்து மிளகாயைப் பரப்பும்போதே, நானும் ஓர் எவர்சில்வர் தட்டில் அலுமினியத் தாளை விரித்து, பின்பக்கம் மேலே பார்க்கும்படி லென்ஸை வைத்துவிடுவேன். பத்து மணிக்கெல்லாம் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் உள்ளே இருக்கும் கிரீஸ் இளகி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டாப் பிளேடுகளில் இறங்கிவிடும் என்பது அப்பாவின் எச்சரிக்கை. வேட்டியின் மேல் வைக்காதே, வெயிலைக் குவித்து ஓட்டை போட்டுவிடும் என்பது இன்னோர் எச்சரிக்கை. விருதுநகர் வெயிலைப் பற்றி அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

லென்ஸின் பெயர் டாக்குமார். ஜப்பானில் பென்டாக்ஸ் கேமரா செய்த அசாஹி ஆப்டிக்கல் கம்பெனியைத் தொடங்கிய குமாவோ கஜிவாராவுக்கு டக்குமா என்று ஒரு சகோதரர் இருந்தார். அமெரிக்காவுக்குப் போய் போட்டோகிராஃபராகவும் ஓவியராகவும் பேர் வாங்கியவர். அவர் ஞாபகமாகத்தான் அந்தக் கம்பெனி தன் லென்ஸ்களுக்கு இந்தப் பெயரை வைத்தது. இதை நான் அம்மாவுக்கு விளக்கி முடிப்பதற்குள், "யாருடி அந்தக் குமாரு, பொழுதன்னைக்கும் மாடியிலயே கெடக்கான்" என்று அவள் பக்கத்து வீட்டு மதினிக்கும் சொல்லிச் சிரித்தாகிவிட்டது.

வெயிலில் வைக்கக் காரணம், வாங்கும்போது அதன் கண்ணாடி டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. 6,500 ரூபாய் கொடுத்தேன். விற்றவர் அதைக் குறையாகவே சொல்லவில்லை, "பழைய லுக்கு வரும் மேடம்" என்றார். விஷயம் வேறு. அந்தக் காலத்தில் சில நல்ல லென்ஸ்களின் கண்ணாடியில் தோரியம் ஆக்சைடைக் கலந்தார்கள். அப்படிப்பட்ட கண்ணாடி ஒளியை நன்றாக வளைக்கும், ஆனால் நிறங்களை அதிகம் சிதறடிக்காது. தோரியம் கதிர்வீச்சு உள்ள பொருள் என்பதுதான் சிக்கல். வருஷக்கணக்கில் தன் கதிராலேயே தான் இருக்கும் கண்ணாடியைப் பழுப்பாக்கிவிடுகிறது. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் தொடர்ந்து பட்டால் அந்தப் பழுப்பு மெல்ல மெல்லத் தெளிகிறது. கையில் வைத்துப் படம் எடுப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. தலைமாட்டில் வைத்துத் தூங்காமல் இருந்தால் சரி.

இவ்வளவு பாடுபட்டு இந்த லென்ஸை வாங்கியது பிரேசில் போட்டோகிராஃபர் செபஸ்தியோ சல்காடோவுக்காக. 2025 மே 23 அன்று பாரிஸில் தன் 81வது வயதில் அவர் இறந்த செய்தி வந்தபோது, நான் இருக்கும் போட்டோ வாட்ஸப் குழுவில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது: அவர் என்ன கேமரா வைத்திருந்தார்? லைக்கா என்றார் ஒருவர், கேனான் என்றார் இன்னொருவர், பென்டாக்ஸ் என்று மூன்றாமவர் சண்டைக்கு வந்தார். மூவரும் சொன்னது சரிதான். ஆனால் எனக்குப் பிடித்த பதிலை யாருமே சொல்லவில்லை. அவருடைய முதல் கேமரா அவருடையதே இல்லை. அவர் மனைவி லேலியாவுடையது.

சல்காடோ 1944இல் பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் ஐமோரெஸ் என்ற ஊரில் பிறந்தவர். படித்தது பொருளாதாரம். பிரேசிலில் ராணுவ ஆட்சி நடந்த காலம், 1969இல் கணவனும் மனைவியுமாக பாரிஸுக்குப் போய்விட்டார்கள். லேலியா அங்கே கட்டிடக்கலை படித்தார். கட்டிடங்களைப் படம் எடுக்க அவருக்கு ஒரு கேமரா வேண்டியிருந்தது. ஜெனீவாவில் வாங்கினார்கள். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக், கூடவே 50 மில்லிமீட்டர், எஃப் 1.4 டாக்குமார். அந்தக் கேமராவை வாங்கி எட்டிப் பார்த்த சல்காடோ அப்புறம் அதைத் திருப்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. அவர் எடுத்த முதல் படம் லேலியாவைத்தான். லண்டனில் சர்வதேச காபி அமைப்பில் வேலை, வேலை நிமித்தமாக ஆப்பிரிக்கப் பயணங்கள். போகும்போதெல்லாம் இந்தப் பென்டாக்ஸும் கூடப் போனது. ஊர் திரும்பி அறிக்கை எழுதுவதைவிடப் படங்களைப் பார்ப்பதில் சந்தோஷம் அதிகம் என்று தெரிந்துபோனது. 1973இல் வேலையை விட்டார்.

நான் பி.காம். படித்து ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவள். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு கேமராவைத் தூக்கிக்கொண்டு போவது என்றால் என்ன என்பதைக் கூட்டிக் கழித்துப் பார்க்கத் தெரியும். அதனால் அந்த 1973ஐப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் லேலியா ஞாபகம்தான் வரும். கேமராவும் போய் சம்பளமும் போன பிறகு "சரி" என்று சொன்ன பெண். பிற்பாடு அவருடைய புத்தகங்களையும் கண்காட்சிகளையும் வடிவமைத்தவரும் லேலியாதான். படத்துக்குக் கீழே ஒரே பெயர்தான் இருக்கும். எங்கள் வீட்டிலும் கதை அப்படித்தான். ஸ்டூடியோ போர்டில் அப்பா பேர். இருட்டறையில் நின்று ஈரப் பிரிண்ட்டுகளைக் கண்ணாடியில் ஒட்டிக் காயவைத்தது அம்மா.

ஸ்டூடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பஜார் பக்கம் ஒரு மாடி, அதில் ஒரு மர பெஞ்ச், மலையும் நிலாவும் வரைந்த ஒரு திரை, பின்னால் குளியலறை அளவில் ஓர் இருட்டறை. அப்பாவிடம் இருந்தது யாஷிகா 635. ஒரு 120 ரோலில் 12 படம். கழுவிக் காய்ந்த நெகட்டிவை துண்டு துண்டாக வெட்டி, ஊட்டியில் செய்த 'இந்து' போட்டோ பேப்பர் மேல் வரிசையாக அடுக்கி, கண்ணாடியை வைத்து அமுக்கி, பல்பை இரண்டு விநாடி போட்டு அணைப்பார். டெவலப்பரில் போட்டதும் 12 குட்டிப் படங்கள் ஒரே தாளில் எழும்பி வரும். அதற்குப் பெயர் கான்டாக்ட். வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் கண்ணில் மாட்டுவது போன்ற ஒரு பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, சிவப்புப் பென்சிலால் தேறியதைச் சுழிப்பார். கல்யாண வீட்டார் வந்தால் அவர்களும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் சொல்வார்கள். மாப்பிள்ளை கண்ணை மூடிய படத்தைத்தான் பெண் வீட்டார் எடுப்பார்கள். ஏனென்றால் அதில் பெண் நன்றாக இருப்பாள்.

சல்காடோவுக்கு வருகிறேன். பென்டாக்ஸுக்குப் பிறகு நெடுங்காலம் அவர் கையில் இருந்தது லைக்கா. எம் வகை, ஆர் வகை இரண்டும். எம் வகையில் உள்ளே கண்ணாடி எழும்பி விழும் வேலை கிடையாது, சத்தம் குறைவு. ஆர் வகை, ஸ்பாட்மேட்டிக் போலவே லென்ஸ் வழியாகப் பார்த்து எடுப்பது. லென்ஸ்கள் பெரும்பாலும் மூன்றுதான்: 28, 35, 60. பிலிம் கோடாக் ட்ரை-எக்ஸ். கழுத்தில் தும்பிக்கை மாதிரி நீண்ட லென்ஸைத் தொங்கவிட்டுக்கொண்டு எட்ட நின்று எடுத்தவர் இல்லை. அகலமாகப் பார்க்கும் 28ஐ வைத்து ஒரு முகத்தை எடுக்க வேண்டும் என்றால் அந்த மனிதரின் மூச்சு நம் மேல் படும் தூரத்துக்குப் போக வேண்டும். கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரம் எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு மணவறை மேல் ஏறுகிறவர்களுக்கு இது புரியும். அங்கே நம்மை அழைத்திருக்கிறார்கள், சம்பளமும் உண்டு. சுரங்கத்தில் யார் அழைத்தது?

1986இல் பிரேசிலின் பாரா மாநிலத்தில் உள்ள செர்ரா பெலாடா தங்கக் குழிக்குப் போனார். இயந்திரம் கிடையாது. சுமார் 50,000 ஆண்கள் கையாலேயே ஒரு மலையைக் குழியாக்கியிருந்தார்கள். 30 முதல் 60 கிலோ வரை எடையுள்ள மண் மூட்டைகளை முதுகில் சுமந்து ஏணிகளில் ஏறினார்கள். அந்த ஏணிகளுக்கு அவர்கள் வைத்த பெயர் "போய் வருகிறேன் அம்மா". தவறி விழுந்தால் அவ்வளவுதான் என்பதால். அந்தப் படங்களில் உலகமே பார்த்தது, மேலிருந்து எறும்புப் புற்றுபோல் தெரியும் குழியைத்தான். எனக்குப் பிடித்தது வேறொன்று. துப்பாக்கி வைத்திருக்கும் ஒரு காவலர், எதிரே மேலெல்லாம் சேறு பூசிய ஒரு தொழிலாளி. தொழிலாளியின் கை துப்பாக்கிக் குழலைப் பிடித்திருக்கிறது. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் படத்தில் நானும் கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கிறேன், துப்பாக்கி திரும்பினால் எனக்கும் படும். எட்ட நின்று எடுத்திருந்தால் அந்தப் பயம் வந்திருக்காது.

இந்தியாவுக்கும் வந்திருக்கிறார். 1989இல் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை எடுத்தார். அப்போது அது பிகார், இப்போது ஜார்க்கண்ட். 1995இல் பம்பாய் சர்ச்கேட் ரயில் நிலையத்தை எடுத்த படம் பலரும் பார்த்திருப்பீர்கள். ரயில் பெட்டிகள் அசையாமல் தெளிவாக நிற்கும், ஜனங்கள் மட்டும் புகைபோல் கலங்கி ஓடுவார்கள். ஷட்டரை மெதுவாக வைத்து, கேமராவை ஆடாமல் வைத்து எடுத்தது. ஆபீஸ் வேலையாக மும்பைக்குப் போனபோது, காலை ஒன்பதரை மணிக்கு நானும் அங்கே போய் அந்த இடம் எது என்று தேடினேன். நடை மேடையில் நின்றது இருபது விநாடி இருக்கும். அதற்குள் மூன்று தோள்கள் என்னைத் திருப்பிவிட்டு, நான் எதிர்த் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஊரில் கேமரா ஆடாமல் நின்றது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

1991இல் குவைத். ஈராக் ராணுவம் பின்வாங்கும்போது 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளைக் கொளுத்திவிட்டுப் போயிருந்தது. அணைக்க வந்தவர்களோடு சல்காடோவும் நின்றார். சூட்டில் அவருடைய ஒரு லென்ஸ் வளைந்துபோனது. கிணறுகளின் இரைச்சலில் காது கேட்கும் திறனும் கொஞ்சம் போனது. தலை முதல் கால் வரை எண்ணெயில் நனைந்து பளபளக்கும் அந்த மனிதர்களின் படங்களைப் பார்த்தால் வெண்கலச் சிலை என்றே தோன்றும்.

அங்கேதான் அவர் மேல் ஒரு குற்றச்சாட்டும் இருக்கிறது. கஷ்டப்படுகிறவர்களை இவ்வளவு அழகாக எடுக்கலாமா என்று கேட்டார்கள். படத்தில் இருப்பவர்களுக்குப் பெயர் போடுவதில்லையே, எல்லாரும் "தொழிலாளர்", "அகதி" என்று ஆகிவிடுகிறார்களே என்று அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் கேட்டார். அழகைப் பற்றிய கேள்வி என்னைப் பெரிதாக உறுத்தவில்லை. மண் சுமக்கிறவனின் படம் மங்கலாக இருந்தால் அவனுக்கு என்ன லாபம்? பெயரைப் பற்றிய கேள்வி உறுத்துகிறது. அப்பா ஒவ்வொரு நெகட்டிவ் கவரின் மேலும் பெயர், ஊர், தேதி எழுதுவார். பாஸ்போர்ட் சைஸுக்கு வருகிறவர் பெயரையும் எழுதுவார்.

1994இல் ருவாண்டா இனப்படுகொலையில் பார்த்தவை சல்காடோவை உடலாலும் மனதாலும் உடைத்துவிட்டன. ஊருக்குத் திரும்பி, அப்பாவிடமிருந்து வந்த வறண்ட நிலத்தில் லேலியாவோடு மரம் நட ஆரம்பித்தார். அந்தக் கதையை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் கேமராவோடு நிற்கிறேன்.

2004இல் ஜெனசிஸ் என்ற பெரிய வேலையைத் தொடங்கினார். மனிதன் இன்னும் கெடுக்காத நிலம், விலங்கு, மக்கள். முப்பதுக்கும் மேற்பட்ட பயணங்கள், எட்டு வருஷம். இதற்காக லைக்காவைக் கீழே வைத்துவிட்டு மீண்டும் பென்டாக்ஸுக்கு வந்தார். இந்த முறை பென்டாக்ஸ் 645. அதன் ஒரு பிரேம் சாதாரண 35 மில்லிமீட்டர் பிரேமைப்போல ஏறத்தாழ 2.7 மடங்கு பரப்பு. மலையையும் காட்டையும் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் இலை இலையாகத் தெரிய வேண்டும் என்றால் பெரிய நெகட்டிவ் வேண்டும். பிலிம் 220 ரோல். அப்பா பயன்படுத்திய 120இன் அதே அகலம், இரட்டை நீளம். பின்னால் காகிதம் ஒட்டியிருக்காது. அதனால் ஒரு ரோலில் 30 படத்துக்கு மேல் கிடைக்கும்.

முதல் பயணம் கலாபகோஸ் தீவுகள். அங்கே ஒரு ராட்சத ஆமை. இவர் நடந்து கிட்டே போனால் அது நகர்ந்துவிடுகிறது. மனிதர்களை எடுக்கும்போது அவர்களில் ஒருவனாகத்தானே போவேன் என்று யோசித்து, கை முட்டி ஊன்றித் தரையோடு தரையாகத் தவழ்ந்திருக்கிறார். ஆமை நின்றது. உடனே பின்னுக்குத் தவழ்ந்து அதன் இடத்தை மதிப்பதாகக் காட்டினார். இப்படியே ஒரு நாள் முழுக்க. அறுபதைத் தொட்ட ஆள் ஆமைக்கு முன்னால் குப்புறக் கிடப்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் 28 மில்லிமீட்டர் லென்ஸ் அவருக்குப் பழக்கிவிட்டிருந்தது இதைத்தானே? சாம்பியாவில் காட்டெருமைகளை எடுக்க எஞ்சின் சத்தம் இல்லாத வெப்பக் காற்று பலூனில் போனதும் இதே கணக்குதான்.

அவர் பிலிமை விட்டதற்குக் காரணம் விமான நிலையம். 2001 செப்டம்பருக்குப் பிறகு எங்கும் சோதனை இறுகிவிட்டது. ஒரு பயணத்துக்கு நூற்றுக்கணக்கான ரோல்கள். ஒவ்வொரு விமான நிலையத்திலும் இதை எக்ஸ்ரேயில் விடாதீர்கள், கையால் பாருங்கள் என்று கெஞ்ச வேண்டும். கேட்பவர்கள் கேட்பார்கள், கேட்காதவர்கள் பெல்ட்டில் தள்ளிவிடுவார்கள். ஒரு தடவை எக்ஸ்ரே பட்டால் ஒன்றும் தெரியாது. ஐந்தாறு தடவை படும்போது, ஒளியே படாத இடத்திலும் லேசாக மூட்டம் ஏறும். கறுப்பு கறுப்பாக இருக்காது. அவருடைய படங்களின் உயிரே அந்தக் கறுப்புக்கும் சாம்பலுக்கும் நடுவில் இருக்கும் படிகளில்தான்.

இதில் எனக்குச் சொந்த அனுபவமும் உண்டு, தப்பும் என்னுடையதுதான். கல்யாணத்துக்கு முன்னால் தோழிகளோடு வடக்கே போனபோது, ஆசைக்கு ஐந்து ரோல் கறுப்பு வெள்ளை எடுத்தேன். திரும்பும்போது கைப்பையில் இடம் இல்லை என்று துணியோடு சேர்த்துப் பெரிய பெட்டியில் வைத்துவிட்டேன். சரக்குப் பெட்டிகளுக்கான எக்ஸ்ரே, கைப்பைக்கு உள்ளதைவிடப் பல மடங்கு வலுவானது என்று யாருக்குத் தெரியும்? அப்பா கழுவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஐந்து ரோலிலும் அலை அலையாகச் சாம்பல் பட்டை. ஒரு வார்த்தை திட்டவில்லை. "மழையில நனைஞ்ச மாதிரி இருக்கு" என்று மட்டும் சொன்னார். இன்றைக்கு மாடியில் கதிர்வீச்சு லென்ஸை வெயிலுக்கு வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "ஒன்னோட பிலிமும் இப்படித் தெளிஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றார். இத்தனை வருஷம் மனதில் வைத்திருந்திருக்கிறார்!

சல்காடோ 2008இல் டிஜிட்டலுக்கு மாறினார். கேனான் இஓஎஸ் 1டிஎஸ் மார்க் 3. 21 மெகாபிக்சல். இன்றைக்குப் பள்ளிக்கூடப் பையன் வைத்திருக்கும் போனில் அதைவிட அதிக எண் போட்டிருக்கும். ஆனால் சென்சார் பெரியது, அவர் சோதித்துப் பார்த்ததில் அவருடைய 645 பிலிமுக்குக் குறைவில்லாமல் வந்தது. பெட்டி பெட்டியாகப் போன பிலிம் எல்லாம் ஒரு கைப்பிடி மெமரி கார்டில் அடங்கியது.

இதற்கப்புறம் அவர் செய்ததுதான் எனக்காகவே செய்தது மாதிரி இருக்கும். கேனானின் பிரேம் 3:2, நீளம் அதிகம். பென்டாக்ஸ் 645 கொஞ்சம் சதுரத்தின் பக்கம், 4:3. பழகிய கண் மாற மறுத்தது. அதனால் வியூஃபைண்டரின் இரு ஓரங்களையும் மறைத்து 645 அளவுக்கே ஆக்கிக்கொண்டார். காசு கொடுத்து வாங்கிய பிக்சலில் ஒன்பதில் ஒரு பங்கை மூடிவிட்டார். எடுத்த உடனே பின்னால் ஸ்கிரீனைப் பார்க்கும் வழக்கமும் இல்லை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கவும் இல்லை. பாரிஸில் அவருடைய ஆட்கள் ஃபைல்களைக் கான்டாக்ட் தாளாகப் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார்கள், அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். தேறியவற்றில் சாஃப்ட்வேர் மூலம் ட்ரை-எக்ஸ் பிலிமின் புள்ளித் தன்மையைச் சேர்ப்பார்கள். பிறகு அந்த டிஜிட்டல் ஃபைலை 4க்கு 5 அங்குல பிலிமில் ஒரு நெகட்டிவாகவே எழுதுவார்கள். அந்த நெகட்டிவை, படத்தைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜரில் வைத்து, இருட்டறையில், வெள்ளி பூசிய தாளில், டெவலப்பரும் ஹைப்போவும் ஊற்றிப் பிரிண்ட் போடுவார்கள்.

கேள்விப்பட்ட அன்றே அப்பாவிடம் சொன்னேன். 2004 வாக்கில் அவர் என்லார்ஜரைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டிருந்தார். 340 ரூபாய் கிடைத்தது. கலர் லேப் வந்து, டிஜிட்டல் வந்து, இனிமேல் இது எதற்கு என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். சல்காடோ கதையைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "டிஜிட்டல்ல எடுத்து, அதை நெகட்டிவாக்கி, திரும்ப என்லார்ஜர்லயா? அந்தாளுக்குக் கிறுக்கா?" என்றார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

பெரிய தொழில்நுட்பம் ஏதும் இல்லாமல் அதில் நம்மால் முடிவது கான்டாக்ட் தாள்தான். மூன்று வாரத்தில் டாக்குமார் முக்கால்வாசி தெளிந்துவிட்டது. டிகாஷன் போய் எலுமிச்சைத் தண்ணீர் நிறம் வந்திருக்கிறது. கறுப்பு வெள்ளைக்கு அது ஒரு லேசான மஞ்சள் ஃபில்டர் போட்ட மாதிரிதான், வானம் கொஞ்சம் கறுக்கும், கெடுதல் இல்லை. திருகு மறை வைத்த லென்ஸ், ஓர் அடாப்டர் வாங்கி என் மிரர்லெஸ் கேமராவில் மாட்டினேன். போன ஞாயிற்றுக்கிழமை பங்குனிப் பொங்கல் கூட்டத்தில் மாரியம்மன் கோவில் வாசலில் இரண்டு மணி நேரம் எடுத்தேன். பின்னால் இருக்கும் ஸ்கிரீனில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டேன். முதல் அரை மணி நேரம் கை அரித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் கட்டை விரல் தானாக பட்டனுக்குப் போகிறது, போய் டேப்பைத் தடவிவிட்டு வருகிறது. அக்கினிச் சட்டி எடுத்து வந்த ஒரு பாட்டியை எடுக்க 50ஐ வைத்துக்கொண்டு கிட்டே போனதில் என் துப்பட்டா நுனி பொசுங்கியது. "தள்ளி நில்லு தாயி" என்று அந்தப் பாட்டிதான் எனக்குச் சொன்னார்கள். குவைத்தெல்லாம் நமக்கு ஆகாது.

மொத்தம் 96 படம். பஜாரில் ஒரு கடையில் கொடுத்து, ஒரு தாளுக்கு 24 என்று நான்கு தாளில் கறுப்பு வெள்ளையாகப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தேன். ராத்திரி சாப்பிட்ட பிறகு அப்பா முன்னால் வைத்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் எழுந்து போய், பீரோவுக்குள் சில்லறை டப்பாவைக் கிளறி, அந்தப் பூதக்கண்ணாடியை எடுத்து வந்தார். சிவப்புப் பென்சில் இல்லை. என் மகனின் கிரேயான் டப்பாவிலிருந்து சிவப்பை எடுத்துக்கொண்டார்.

ஒரு மணி நேரம் பார்த்தார். எனக்குப் பிடித்த அக்கினிச் சட்டிப் பாட்டியைத் தாண்டிப் போய்விட்டார். இரண்டாம் தாளில் மூன்றாவது வரிசை, கடைசிக்கு முந்தின படம். செருப்பு பார்த்துக்கொள்ளும் இடத்தில் ஒரு சின்னப் பெண், தூங்கிப்போன தம்பியை மடியில் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்க்காமல் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதை எடுத்த ஞாபகமே எனக்கு இல்லை. அதைச் சுழித்தார். மேலே இருந்த வெற்றிடத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டு, எதுவரை வெட்ட வேண்டும் என்று குறித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் தேதியும், மாரியம்மன் கோவில் என்றும் எழுதினார். பிள்ளையின் பெயர் கேட்டாயா என்றார். கேட்கவில்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அந்த இடத்தைக் காலியாக விட்டார்.

அப்புறம் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கையை என் பக்கம் நீட்டினார்.

"சரி, நெகட்டிவ் எங்கம்மா?"